கம்பெனி என்னும் சொல்

ஒரே ஆங்கிலச் சொல் நம் காவேரிப்பட்டினப் பகுதிக்குப் பல பொருள்களோடு வந்து சேர்ந்துள்ளது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலைத் திப்பு சுல்தானிடமிருந்து பெற்று வரி தண்டியபோது அது 'கும்பினி'. பின்னர் மேடையேறியபோது நாடகக் கம்பெனி. இன்று ஓசூர் ஆலைகளுக்கு ஆளேற்றிச் செல்வது கம்பெனி பஸ். தனித்திருப்பவருக்குத் துணையிருப்பதையும் 'கம்பெனி கொடுப்பது' என்கிறோம்.

இலத்தீன் வேரிலோ அச்சொல் அப்பத்தைச் சேர்ந்துண்போரைக் குறித்தது. 'நிறுவனம்' என்னும் தமிழாக்கத்தில் நாம் குறை காண்பது இங்கேதான்: அதில் அமைப்பு நிற்கிறது, பந்தி இல்லை. சொல்லின் வேர், பொருளீட்டுவோரிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. உழைத்த அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும், பந்தியில் இடமுண்டா? இல்லையெனில், இருநூறு ஆண்டுகள் கடந்தும் நம்மிடம் எஞ்சியிருப்பது கும்பினியே.