காசு போட்டவன் எங்கே இருக்கிறான்?

மக்கள் காசில் நடக்கிற பத்திரிகைதான் நேர்மையான பத்திரிகை என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். சரிதான். எந்த மக்கள்?

2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 'கபர் லஹரியா' தொடங்கியது. தலித் பெண்கள் முன்னின்று புந்தேலியில் நடத்திய பத்திரிகை. விலை இரண்டு ரூபாய். செய்தி எழுதியவர்களே கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் விற்கவும் போனார்கள். இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்கணும். அடிபம்பு செய்தியைத் தப்பாக எழுதிவிட்டு அடுத்த வாரம் அதே தெருவில் கால் வைக்க முடியுமா? வாங்குகிறவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். இதைவிடக் கறாரான ஆசிரியர் குழு எங்கே இருக்கு?

ஆனால் இரண்டு ரூபாயில் பத்திரிகை நிற்காது. தில்லியின் நிரந்தர் அமைப்பு தாங்கியது. 2009இல் யுனெஸ்கோ பரிசு வந்தது. பிறகு கைப்பேசிக் காணொளிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. விழாவுக்கு முன்பே கபர் லஹரியா மறுத்துச் சொன்னது: படம் வலுவானதுதான், ஆனால் ஒரு கட்சியைப் பற்றி எழுதுவதே எங்கள் முழு வேலை என்று காட்டுவது சரியல்ல. தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குச் சாக்கடையும் ரேஷனும் அலுப்பு. அவனுக்குக் கட்சிச் சண்டை வேணும்.

கூட்டு நிதியிலும் இதே ஆபத்து இருக்கிறது. காசு போடுகிறவன் நகரத்தில், சாக்கடை தேங்குவது சேரியில். பத்திரிகையின் முகம் மெல்ல யார் பக்கம் திரும்பும்? தூரத்துக் காசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வெளிவர சாகு மகராஜாவின் 2,500 ரூபாய் உதவியது. பணம் தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்த காலம்.

நம் பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். (எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு வகுப்பில் இந்தப் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை.) விலையே பத்திரிகையின் பெயர். மறு வருஷம் வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் அது 'தமிழன்' ஆனது. ஒரு பைசா போட்டவன் பேரை மாற்றச் சொல்கிறான், ஆசிரியர் மாற்றுகிறார்! பங்கேற்பு என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

ஒரு தடவை சிற்றிதழ் ஒன்றுக்குச் சந்தா சேர்க்கச் சேரிக்குப் போனேன். ஒரு அம்மா இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பத்து ரூபா தர்றேன் தம்பி. எங்க தெரு சேதி இதுல எங்க இருக்கு?"

ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன்.