முதுகில் நாடு, நடையில் பெண்

பிரபஞ்ச அழகிப் போட்டியில் கவனிக்க வேண்டிய சுற்றுகள் நான்கு: தேசிய உடை, நீச்சலுடை, மாலைக் கவுன், கேள்வி-பதில். விதிகள் எளியவை. ‘நமக்கு இதெல்லாம் எதற்கு’ என்று ஒதுங்குவோர் பத்து நிமிடம்கூடப் பார்த்ததில்லை.

உண்மையில் பிடிபடாமல் போவது, தேசிய உடைக்கும் கவுனுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் பேசுவது நாடு. பின்னதில் பேசுவது அந்தப் பெண். தேசிய உடைக்குத் தனிப் பரிசு உண்டு, மகுடத்துக்கான கணக்கில் அது சேராது. அதனால்தான் நாடுகள் அதில் என்ன வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கின்றன.

சிங்கப்பூரில் இந்தப் பழக்கம் மேடைக்கு வெளியே தொடங்கியது. கேலாங் சிராய், ஜூ சியட் பக்கம் மலாய், பெரனாக்கான் பெண்கள் உடுத்திவந்த கெபாயா, 1968-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியேர் பால்மெயின் கைபட்டு விமானப் பணிப்பெண்ணின் சீருடையாயிற்று. அணிபவர் சீனராகவோ தமிழராகவோ இருக்கலாம். உடை ஒரு சமூகத்தினுடையது, அது குறிப்பதோ நாட்டை. 2021 மே மாதம் ஃபுளோரிடாவில் நடந்த போட்டியில், பிலிப்பீன்ஸில் பிறந்த சிங்கப்பூர்ப் போட்டியாளர் பெர்னடெட் பெல் ஓங் செய்ததும் இதுதான். கொடியின் சிவப்பும் வெள்ளையுமான மேலங்கி. அவர் திரும்பியதும் ஆசியர் மீதான வெறுப்பை நிறுத்தச் சொல்லும் வாசகம். அமெரிக்காவில் ஆசியர் மீது நடந்த தாக்குதல்களுக்கான கண்டனம், சிங்கப்பூரின் பெயரில்.

சேலை கட்டினால் பாரம்பரியம், கவுன் போட்டால் மேல்நாட்டு மோகம் என்று இரண்டே முத்திரைகளை வைத்துக் காலம் தள்ளும் விமர்சகர்களுக்கு இது புரியாது. மக்கள்தொகையில் சுமார் 9 விழுக்காடே உள்ள இந்தியச் சமூகத்திலிருந்து ரதி மேனன் 2014-இலும், மோகனா பிரபா செல்வம் 2019-இலும், நந்திதா பன்னா 2021-இலும் சிங்கப்பூர்ப் பட்டையை அணிந்தார்கள். அவர்களிடம் பொட்டைத் தேடுவது மேலோட்டமான பார்வை. திரும்பும் இடத்தில் தோள் தளர்கிறதா, நிற்கும் நொடியில் பார்வை எங்கே போகிறது, அவசரமில்லாமல் நடக்கும் துணிச்சல் இருக்கிறதா என்பவையே பார்க்கத் தக்கவை. நளினம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதில் பாதி, அந்த அவசரமின்மைதான்.

1987-இல் போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தபோது மரியன் நிக்கோல் தியோ முதல் 10 பேரில் வந்தார். அதன்பின் அரையிறுதி கண்ட முதல் சிங்கப்பூரர் நந்திதாதான்: இஸ்ரேலின் எய்லாட்டில், முதல் 16-இல். ஆனால் இறுதி இரவில் கவுன் சுற்று 10 பேருக்கே. ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுண்டு: இறுதி ஒளிபரப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், போட்டியாளர்கள் 80 பேரும் கவுனில் நடந்த முதல்நிலைச் சுற்றின் பதிவை முதலில் தேட வேண்டும். நந்திதாவின் கவுன் நடை அதில்தான் இருக்கிறது.