திரும்பி வரும் பேனிக் அட்டாக்கும் க்ளேர் வீக்ஸ் காட்டிய வழியும்

திடீரென்று நெஞ்சு படபடத்துக் கடும் பயம் தாக்கும் பேனிக் அட்டாக் முதன்முறை வரும்போது ஆள் சாவுக்குப் பயப்படுகிறார். ஓராண்டோ ஈராண்டோ நன்றாக இருந்துவிட்டு அது மறுபடி வரும்போது பயம் இடம் மாறிவிடுகிறது. இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் வந்துவிட்டதே என்பதுதான் அவரை உடைக்கிறது. இத்தனை நாள் எடுத்த சிகிச்சையும் செய்த பயிற்சியும் வீண்தானா, இனி எதை நம்பி வெளியே போவது என்று மனம் கேட்கத் தொடங்குகிறது. பதற்றத்தைப் பற்றிய சுயமுன்னேற்றப் புத்தகங்களில் பல முதல் வெற்றியோடு கதையை முடித்துவிடுவதால், இந்தக் கேள்வியோடு நிற்பவருக்கு அவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தை நேராகப் பேசியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் க்ளேர் வீக்ஸ் (1903–1990). அவருடைய ‘செல்ஃப் ஹெல்ப் ஃபார் யுவர் நெர்வ்ஸ்’ என்ற நூல் 1962இல் வந்தது, இன்றும் வாசிக்கப்படுகிறது. வீக்ஸ் முதலில் விலங்கியல் ஆய்வாளர். இளம் வயதில் காசநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டு சானடோரியத்தில் கிடந்தவர். வெளியே வந்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அவரை விடவில்லை. முதல் உலகப் போரில் போரிட்ட ஒரு நண்பர், அகழியில் இருந்த வீரர்களுக்கும் இப்படித்தான் இதயம் அடித்துக்கொண்டது, பயம்தான் அதை ஓட்டுகிறது என்று விளக்கினார். பின்னாளில் மருத்துவம் படித்த வீக்ஸ், அந்த விளக்கத்தின் மேல்தான் தன் முறையைக் கட்டினார்.

அவர் சொன்னதன் சாரம், பயம் இரண்டு அடுக்காக வருகிறது என்பது. முதல் அடுக்கு உடம்பில் சட்டென்று எழும் அலை. அது நம் கையில் இல்லை. ‘ஐயோ, எனக்கு என்ன ஆகப்போகிறது’ என்று அந்த அலையைப் பார்த்து நாம் சேர்ப்பது இரண்டாவது அடுக்கு. அட்டாக்கை வளர்ப்பது இந்த இரண்டாவதுதான். எனவே படபடப்பை எதிர்த்து உடலை இறுக்காமல், ஓடாமல், அதை ஏற்றுக்கொண்டு, இருக்க இடம் கொடுத்து, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர வேண்டும் என்றார். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் கிளார்க், உடல் உணர்வுகளைப் பேராபத்து என்று தவறாகப் பொருள்கொள்வதே பேனிக்கின் இயந்திரம் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். பேனிக்குக்கான இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது. வீக்ஸ் அதே இடத்துக்குத் தன் நோயாளிகள் வழியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே வந்து சேர்ந்திருந்தார்.

அவருடைய உண்மையான பலம், பின்னடைவைப் பற்றி அவர் சொன்னதில் இருக்கிறது. குணமாகிக்கொண்டிருப்பவருக்கு அட்டாக் மறுபடி வரும், வரும்போது பழைய கடுமையோடே வரலாம் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தார். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை போலத் தோன்றும் இது ஆய்வகத்திலும் உறுதிப்பட்டது. பழக்கி ஏற்படுத்திய ஓர் எதிர்வினை ஒருமுறை அணைக்கப்பட்டாலும் இடைவெளிக்குப் பின் தானாகத் திரும்புவதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் தன் நாய்களிடமே கண்டிருந்தார். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த சோதனைகள், அணைந்த பயம் அழிந்துவிடுவதில்லை என்று காட்டின. பழைய பயம் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. இடம் மாறினாலோ, நாள் கடந்தாலோ, புதிதாக ஓர் அதிர்ச்சி வந்தாலோ பழையது மேலே வந்துவிடுகிறது. அப்படியானால் அட்டாக் திரும்பியதை வைத்து, செய்த பயிற்சி தோற்றது என்று முடிவுகட்ட முடியாது. உடைந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன். அதுவும் பொய்யில்லாத உதவி.

ஆனால் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது சான்று. வீக்ஸ் 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், வெளியே போக அஞ்சும் 528 பேருக்குப் புத்தகம், ஒலிப்பதிவு, கடிதம் வழியாகத் தொலைவிலிருந்தே வழிகாட்டிய அனுபவத்தை வெளியிட்டார். பலருக்குப் பலன் இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. கேள்வித்தாளில் நோயாளிகள் தாங்களே சொன்னதுதான் அளவுகோல். காலப்போக்கில் தானாகத் தேறியவர்கள் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. நலமானால் ஏற்றுக்கொண்டாய், நலமாகவில்லையானால் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த முறை ஒருபோதும் தோற்காது. தோற்பது எப்போதும் நோயாளிதான். வீக்ஸின் குரல் கனிவானது, அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அட்டாக் திரும்பியவர் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது இந்த வளையத்துக்குள் எளிதாகச் சிக்கிக்கொள்கிறார். ‘ஏற்றுக்கொண்டேனே, ஏன் இன்னும் போகவில்லை’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்ளவில்லை. விரட்டுவதற்கு ஒரு புது உபாயம் தேடுகிறார். எது உண்மையான ஏற்பு, எது வேடம் போட்ட எதிர்ப்பு என்று சோதித்துப் பார்க்க வீக்ஸ் திட்டமான வழி எதையும் தரவில்லை.

அந்த வழியைத் தருவது உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் வளர்த்தெடுத்த, பயந்ததை வேண்டுமென்றே சந்திக்கும் எதிர்கொள்ளும் பயிற்சி. பஸ் ஏறுவதற்கு முன்பே ‘மயங்கி விழுவேன்’ என்று எழுதிவைக்க வேண்டும். இறங்கிய பின் விழுந்தோமா என்று பார்க்க வேண்டும். (பேனிக்கில் ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறுவதால் மயக்கம் அரிது.) எவ்வளவு பதற்றப்பட்டோம் என்பது அங்கே மதிப்பெண் ஆகாது. பயந்தது நடந்ததா என்பதே கேள்வி. சுழல் நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது, மாடிப்படியில் ஓடி ஏறுவது என்று பயந்த உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்பதும் இதில் உண்டு. ஒரே இடத்தில் செய்தால் போதாது. பல இடங்களில், பல நேரங்களில், துணையோடும் துணையில்லாமலும் செய்ய வேண்டும். பௌட்டனின் எலிகள் கற்றுத்தந்த பாடம் இதுதான்.

மாத்திரையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மனநல மருத்துவர் ஐசக் மார்க்ஸின் குழு லண்டனிலும் டொராண்டோவிலும் 154 பேரை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்கொள்ளும் பயிற்சியால் வந்த முன்னேற்றம் நிலைத்தது. அல்பிரசோலாம் என்ற பதற்ற மாத்திரையால் வந்தது, மருந்தை நிறுத்தியதும் கரைந்தது. உளவியலாளர் டேவிட் பார்லோவின் குழு 312 பேரிடம் செய்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்கள் மருந்து இருக்கும்வரை நன்றாகவே இருந்தார்கள். எல்லாம் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இமிப்ரமின் சேராமல் அந்தச் சிகிச்சை பெற்றவர்களே மேலாக இருந்தார்கள். மருந்து வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பலர் மருந்தில்லாமல் வாசல்படி தாண்ட முடியாத நிலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது தேவை. அல்பிரசோலாமை மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய ஆபத்து. ஆனால் தேறியதற்கான பெயர் முழுவதும் மாத்திரைக்குப் போய்விட்டால், அது இல்லாத நாளில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒற்றை மாத்திரைக்கும், கூடவே சுமக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இது பொருந்தும். மூச்சுப் பயிற்சிக்கும் பொருந்தும். அன்றாடப் பழக்கமாகப் பிராணாயாமம் செய்வது நல்லது. அட்டாக்கை நிறுத்தும் பிரேக்காக அதைப் பிடித்துக்கொண்டால் அதுவும் இன்னொரு மாத்திரைதான்.

என் தீர்ப்பு இது. நம்பிக்கை என்றால் என்ன என்பதில் வீக்ஸ் சரி. ‘இனி வராது’ என்பது நம்பிக்கையே அல்ல, அடுத்த படபடப்பில் உடையப்போகும் ஓர் உத்தரவாதம். ‘வந்தாலும் என் வேலையைச் செய்வேன்’ என்பதே நிற்கக்கூடியது. அதை எப்படிக் கட்டுவது என்பதில் அவர் புத்தகம் போதாது, அங்கே எதிர்கொள்ளும் பயிற்சியே வழி. அட்டாக் திரும்பியவர் முதல் வாரத்தில் வீக்ஸை வாசிக்கலாம், இரண்டாம் வாரத்திலிருந்து பஸ் ஏற வேண்டும். தைரியம் வந்த பிறகு ஏறலாம் என்று காத்திருப்பவருக்கு அது வருவதில்லை, ஏறி இறங்கிய பிறகுதான் வருகிறது. அறிகுறிகள் முன்பைப் போலில்லாமல் மாறியிருந்தால் முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி இதயமும் தைராய்டும் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். பத்தாவது இ.சி.ஜி. தேவையில்லை. தனியாகத் தொடங்க முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.