விலையும் மதிப்பும்

நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் நடத்திய ஏலத்தில் ஒரு சாப்பாட்டு மேசை, கட்டணங்கள் உட்பட, 61 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அது பொன்னால் இழைத்ததன்று, மணிகள் பதித்ததுமன்று. வளைத்த ஒட்டுப்பலகைக் கால்களின்மீது கண்ணாடிப் பலகை அமர்ந்த மேசை, அவ்வளவே. துரின் நகரக் கட்டடக் கலைஞர் கார்லோ மொல்லினோ 1949இல் வடிவமைத்தது. அவருடைய மற்றொரு மேசை 2005லேயே 38 லட்சம் டாலரை எட்டியிருந்தது. மரத்துக்கும் கண்ணாடிக்கும் இத்தனை விலையா என வியப்பதோடு நின்றுவிடுவது எளிது. அந்த விலை எதற்குத் தரப்பட்டது என்று ஆராய்வதே நம் நோக்கம்.

போரில் சிதைந்த இத்தாலி 1945க்குப் பின் எழுந்து நின்றபோது அதனிடம் எஞ்சியிருந்த பெருஞ்செல்வம், தச்சரின் உளியும் குயவரின் சக்கரமுமே. பழைய கைத்திறனோடு புதிய வடிவங்களைச் சேர்த்தனர் அந்நாட்டுக் கலைஞர். மிலான் நகரின் ஜியோ போந்தி, கியாவரி என்னும் கடற்கரை ஊரில் வழிவழியாகச் செய்யப்பட்டு வந்த எளிய நாற்காலியை எடுத்துக்கொண்டார். அதில் தேவையற்றதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் செதுக்கி நீக்கினார். 1957இல் காசினா தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்த அந்த நாற்காலியின் எடை ஏறத்தாழ 1.7 கிலோதான். சிறுவன் ஒருவன் விரலால் தூக்கிவிடலாம். பிரம்பு பின்னிய இருக்கையில் பெரியவர் ஒருவர் நிம்மதியாக அமரலாம். இதுவன்றோ கலை! மிகுதியைக் காட்டுவதில் அன்று, மிகையைக் கழிப்பதில் அதன் பெருமை இருந்தது.

ஆனால் ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் இந்தப் பெருமை பின்னுக்குப் போய்விடுகிறது. வடிவமைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்பது வரி வரியாக வருகிறது. அமர்வதற்கு உகந்ததா, உண்பதற்கு வசதியானதா என்பதற்கு அங்கே இடமில்லை. மொல்லினோவின் கோடுகளுக்கு மர உருவம் கொடுத்த அப்பெல்லி, வரேசியோ என்னும் துரின் தச்சுக்கூடத்தாரின் பெயர் சிற்றெழுத்தில் ஒதுங்குகிறது. அவர்கள் பலகையை வளைக்காதிருந்தால் அந்தக் கோடு காகிதத்திலேயே கிடந்திருக்கும்.

மட்பாண்டங்களின் கதையும் இதுவே. குவிதோ கம்போனேயின் குடுவை ஏலத்துக்கு வந்தால், அறிந்தவர் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்புறத்தைத்தான் பார்ப்பர். அங்கே அவருடைய பெயரும் கழுதைச் சின்னமும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இருந்தால் ஒரு விலை, இல்லையேல் வேறு விலை. மண்ணும் மெருகும் கண்ணுக்கு முன்னால் இருக்க, முத்திரையைத் தேடும் பார்வையை ரசனை என்று நாம் எப்படிச் சொல்வது?

இவ்விடத்தில் நம் வாசகர்கள் நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்தாலியின் புகழ்பெற்ற மயோலிக்காப் பாண்டங்களின் வெண்மெருகு, ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சிக்காலத்துப் பஸ்ராவில் மலர்ந்த கலை. சீனத்து வெண்பாண்டங்களைக் கண்டு வியந்த குயவர், மெருகில் வெள்ளீயம் கலந்து சாதாரண மண்ணுக்கும் அந்த வெண்மையைத் தந்தனர். அந்த வித்தை முஸ்லிம் ஸ்பெயினுக்குச் சென்று, அங்கிருந்து கடல்வழியே இத்தாலியை அடைந்தது. மயோர்க்காத் தீவின் பெயரே திரிந்து மயோலிக்கா ஆயிற்று என்பர். இந்த நெடும்பயணத்தில் கலையைச் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. பெயரற்ற கைகள் வளர்த்த கலைக்கு இன்று பெயரை வைத்தே விலை பேசப்படுகிறது!

மீண்டும் அந்த மேசைக்கு வருவோம். அது தனியார் ஒருவர் வீட்டிலிருந்து ஏலத்துக்கு வந்ததன்று. இத்தாலியக் கைவினைகளைக் காட்ட 1950இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கி அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் சென்ற கண்காட்சியில் இடம்பெற்றது. பின்னர் அந்த அருங்காட்சியகத்துக்கே உரியதாயிற்று. கொள்ளைநோயால் வருவாய் இழந்த அருங்காட்சியகங்கள், தம் சேமிப்புப் பொருள்களை விற்று எஞ்சியவற்றைப் பேணலாம் என 2020 ஏப்ரலில் அவற்றின் இயக்குநர் சங்கம் விதியைத் தளர்த்தியது. அந்த வழியிலேயே மேசை விலைபோயிற்று.

அருங்காட்சியகத்தின் நெருக்கடி பொய்யன்று. விலை ஏறியதால்தான் எத்தனையோ பழம்பொருள்கள் விறகாகாமல் தப்பின என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், வீட்டிலிருந்து ஏலத்துக்குப் போவது வேறு. ஊரார் கண்முன் இருந்தது போவது வேறு. பின்னதில் இழப்பவர், கைக்காசு இல்லாமலே அதைக் கண்டு மகிழ்ந்தவர். அவர்களுக்கு ஏலக்கூடத்தில் இருக்கை இல்லை. ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்னும்போது குரல் எழுப்ப வழியுமில்லை.

நம் வீடுகளிலும் பாட்டிமார் விட்டுச்சென்ற பீங்கான் தட்டுகளும் பிரம்பு நாற்காலிகளும் மூலையில் கிடக்கக்கூடும். அவற்றுக்கு முத்திரை இல்லை. விலை சொல்ல ஆளுமில்லை. ஆனாலும் ஒருமுறை தூசி தட்டி, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். செய்தவனின் கை நம் கண்ணுக்குத் தெரியுமானால், அதன் மதிப்பை நாம் அறிந்தவராவோம்.