ஆசிரியன் சாகலாம், உரிமையாளன் சாவதில்லை: ஒரு விளையாட்டும் விடுபட்ட ஒரு சொல்லும்

முதலில் விளையாட்டைச் சொல்லிவிட வேண்டும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். ‘இருட்டுக் குகை. உள்ளே ஏதோ மூச்சு விடுது. என்ன செய்யப் போறீங்க?’ மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பதில் சொல்கிறார்கள். நினைத்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான். எழுதிவைத்த பிரதி கிடையாது, தனியாகப் பார்வையாளர் கிடையாது. கதை யாருடையது என்று கேட்டால் மேசையில் இருக்கிற எல்லோரையும்தான் காட்ட வேண்டும். ஆசிரியனின் மரணம் பற்றி ரோலான் பார்த் எழுதியது 1967இல். ஏழு வருஷம் கழித்து, 1974இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தத்துவப் பேச்சு எதுவுமில்லாமல் அதை மேசைமேல் நடத்திக் காட்டியது.

ஆனால் ஆசிரியன் செத்தாலும் உரிமையாளன் சாவதில்லை. இந்த விளையாட்டின் ஐம்பது வருஷ வரலாறு இதைத்தான் சொல்கிறது.

1

1974 விளையாட்டின் அட்டையில் இரண்டு பெயர்கள்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். 1977 தொடங்கி டி.எஸ்.ஆர் நிறுவனம் ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு வெளியிட்ட புத்தகங்களில் கைகாக்ஸ் பெயர் மட்டும்தான். இது வேறு விளையாட்டு, ஆகவே ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாது என்பது வாதம். அவர் 1979இல் வழக்குப் போட்டார். 1981இல் சமரசம் ஆனது. கைகாக்ஸும் 1985இல் தன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழக்க வேண்டிவந்தது தனிக்கதை.

‘புதிய பதிப்பு’ என்றால் திருத்தம், மேம்பாடு என்று நாம் நினைக்கிறோம். இங்கே அது ஒரு பெயரை அழிப்பதற்கான கருவியாகவும் பயன்பட்டிருக்கிறது. பிறகு வந்த பதிப்புகள் (1989, 2000, 2008, 2014) ஒவ்வொன்றும் முந்தைய புத்தகங்களைப் ‘பழசு’ ஆக்கின. அலமாரியில் இருப்பது செல்லாது, புதுசா வாங்கு என்பதுதான் அதன் உள்ளுறை.

2

இந்த இடத்தில் சட்டம் சொல்கிற ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டு விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த விதியை எழுதிய சொற்களுக்குத்தான் உண்டு. ‘பேக்கர் எதிர் செல்டன்’ வழக்கில் 1879இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்கு அடிப்படை போட்டுவிட்டது. கணக்கு எழுதும் முறையைப் பற்றிய புத்தகம் ஆசிரியருடையது. கணக்கு எழுதும் முறை யாருடையதும் அல்ல. பகடையை உருட்டி ஓர் எண்ணைக் கூட்டி இலக்கைத் தாண்டினால் அடி விழும் என்பது புறம்போக்கு நிலம். அதை விவரிக்கிற பத்திக்குத்தான் பட்டா.

ஆனால் வழக்கு நடத்தக் காசில்லாதவனுக்கு இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். 1990களில் ரசிகர்கள் தாங்களே எழுதி இணையத்தில் போட்ட கதைகளையும் அரக்கர்களையும்கூட டி.எஸ்.ஆர் விட்டுவைக்கவில்லை. எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தை 1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது; அதை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்போடு ‘திறந்த விளையாட்டு உரிமம்’ வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைப் பார்த்து ரயன் டான்சி முன்னெடுத்த யோசனை. எங்கள் விதித் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், எழுதுங்கள், விற்றுக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

தாராளம்தான். சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. 2006இல் ‘ஆஸ்ரிக்’ இந்த உரிமத்தின் துணையோடு, கைவிடப்பட்ட முதல் பதிப்பின் விதிகளை வேறு சொற்களில் உயிர்ப்பித்தது. 2008இல் நிறுவனம் நான்காம் பதிப்புக்கு இறுக்கமான வேறு உரிமம் கொண்டுவந்தபோது, பைசோ நிறுவனம் பழைய உரிமத்தை வைத்தே 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட்டது. ஆக, உரிமம் வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. பயத்திலிருந்து விடுதலை கொடுத்தது. ஆனால் கூடவே ஒன்று நடந்தது. புறம்போக்கில் நடந்துகொண்டிருந்தவர்கள் குத்தகைச் சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

3

சீட்டில் என்ன எழுதியிருந்தது? ‘நிரந்தரமானது’ என்று இருந்தது. ‘திரும்பப் பெற முடியாதது’ என்று இல்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்த வடிவத்தையும் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. யார் அங்கீகரிப்பது? இருபது வருஷம் யாருக்கும் இது உறுத்தவில்லை. புது வடிவம் வந்தாலும் பழையதையே தொடரலாம் என்று நிறுவனமே முன்பு விளக்கம் சொல்லியிருந்தது.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. பழையது இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி. இன்னொரு பிரிவுதான் முக்கியம். நீங்கள் எழுதியது உங்களுடையது; ஆனால் அதை எங்கள் விருப்பப்படி பயன்படுத்த எங்களுக்கு உரிமை தருகிறீர்கள் — நிரந்தரமாக, காசில்லாமல், *திரும்பப் பெற முடியாதபடி*. கொடுத்தபோது விடுபட்ட அந்தச் சொல், எடுக்கும்போது ஞாபகமாக வந்து உட்கார்ந்துகொண்டது! அதிகாரத்தின் மொழியை வாசிக்க இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனத்தின் இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். சின்னப் பதிப்பகங்கள் தங்களுக்கென்று பொது உரிமம் ஒன்றை எழுதக் கூடின. ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றது; ஐந்தாம் பதிப்பின் சுமார் 400 பக்க விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இருக்கிறது. அதன் பராமரிப்பும் இந்த நிறுவனத்தின் கையில் இல்லை.

4

வெற்றிதான். ஆனால் எதன் வெற்றி? சந்தாவை நிறுத்துகிற நுகர்வோர் அரசியலுக்கு அதன் எல்லை உண்டு. விளையாட்டின் பெயரும் இலச்சினையும் இன்னும் வேலிக்குள்தான். இன்னும் நல்ல அனுமதிச் சீட்டு கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். அனுமதி எதுக்குய்யா என்று கேட்டவர்கள் குறைவு. சலுகையை உரிமை என்று நம்பி, அதன்மேல் இருபது வருஷ உழைப்பைக் கட்டியதுதான் இங்கே நடந்த பிழை. எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் தங்கள் கையிலிருக்கும் ஒப்பந்தங்களை, ஆணைகளை எடுத்து, எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று ஒருதரம் தேடிப் பார்க்கலாம்.

1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக வந்தது இந்த விளையாட்டு. யாரிடமாவது அந்தப் பெட்டி இருந்தால் இன்று சாயந்திரமே நாலு பேர் உட்கார்ந்து ஆடலாம். பிடிக்காத விதியை மாற்றிக்கொள்ளலாம். புத்தகமாக்கி விற்கும்போதுதான் உரிமம் பற்றிய பேச்சே வருகிறது. ஆடுவதற்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.