ஹீரோக்களும் ஒரு சிவப்புப் பிசாசும்

ஒரு சின்னப் பரீட்சை. இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பைக் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. டாங்க்கில் முக்கால்வாசி பெட்ரோல். பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். கண்ணுக்கெட்டிய தூரம் ஈ, காக்காய் இல்லை. நீங்கள் தனியாள். எப்படித் தூக்குவீர்கள்?

'குனிஞ்சு, ஹேண்டில்பாரைப் பிடிச்சு, தம் கட்டி...' என்று ஆரம்பிக்கிறீர்களா? இடுப்பு பிடித்துக்கொள்ளும். விடை கொஞ்ச நேரத்தில். அதற்கு முன்னால், இந்தக் கேள்வி எந்தத் தொடரைப் பார்த்ததால் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

'லாங் வே ரவுண்ட்'. 2004 அக்டோபரில் பிரிட்டனின் ஸ்கை ஒன் சேனலில் வந்தது. அதே பெயரில் புத்தகமும் வந்து சக்கைப்போடு போட்டது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் ஓபி-வான் கெனோபியாக ஒளிவாள் சுழற்றிய யூவன் மெக்ரெகரும் அவருடைய சிநேகிதர் சார்லி பூர்மனும் (இவரும் நடிகர்தான், 'டெலிவரன்ஸ்' எடுத்த டைரக்டர் ஜான் பூர்மனின் மகன்) லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு பைக்கில் போகிறார்கள். மேற்கே விமானம் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குள் போய்விடலாம். இவர்கள் கிழக்கே போனார்கள். உக்ரைன், ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா, மறுபடி ரஷ்யா, சைபீரியாவின் கடைசியில் மகதான். அங்கிருந்து விமானத்தில் அலாஸ்கா, பிறகு கனடா, அமெரிக்கா. 2004 ஏப்ரல் 14-ல் கிளம்பி ஜூலை 29-ல் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 30,000 கிலோமீட்டர்.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க ஆரம்பித்தால் விட மனசு வராது. இரண்டு பேரும் அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், அடிக்கடி கீழே விழுகிறார்கள். விழுந்ததை மறைக்கவில்லை என்பதே பெரிய விஷயம். நம்மூர் ஹீரோ ஒருவர் சேற்றில் வழுக்கி விழுகிற காட்சியை எடிட்டிங்கில் விட்டுவைப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் இந்தத் தொடர் மேல் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. அது வண்டியைப் பற்றியது, அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றியது.

வண்டி வந்த கதையே தமாஷ். சார்லிக்கு கே.டி.எம். மேல் காதல். யூவனுக்கு பி.எம்.டபிள்யூ. சார்லியின் ஆசைப்படி முதலில் கே.டி.எம்.மைக் கேட்டார்கள். அவர்கள் ஆளைப் போட்டு யோசித்துவிட்டு, 'இது ஊர் போய்ச் சேராது, நம்ம பேர்தான் கெடும்' என்கிற மாதிரி கையை விரித்துவிட்டார்கள். சார்லி இடிந்துபோய் உட்காருவதை கேமரா அப்படியே காட்டுகிறது. பி.எம்.டபிள்யூ. ஆர் 1150 ஜி.எஸ். அட்வென்ச்சர் வண்டிகளைக் கொடுத்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க 'ஜி.எஸ்.' என்ற இரண்டெழுத்துக்கு ஏறிய மவுசு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கே.டி.எம். கம்பெனியில் அன்றைக்கு அந்த முடிவை எடுத்தவர் பிற்பாடு எத்தனை ராத்திரி தூங்கினாரோ!

இந்த வகை வண்டி 2004-ல் முளைத்ததல்ல. 1980-லேயே பி.எம்.டபிள்யூ. 'ஆர் 80 ஜி/எஸ்' என்று கொண்டுவந்தது. ஜெர்மனில் 'ஜி' என்பது காடு மேடு, 'எஸ்' என்பது தார் ரோடு. இரண்டிலும் ஓடும் என்று அர்த்தம். அடுத்த வருஷமே பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபெர் ஓரியோல் அந்தக் கம்பெனி வண்டியில் ஜெயித்தார். அதற்கும் முன்னால், 1973-லிருந்து 77 வரை, டெட் சைமன் என்கிற பத்திரிகையாளர் 500 சி.சி. டிரையம்ஃப் வண்டியில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றிவந்தார். கேமராக்காரர் கிடையாது, பின்னால் ஜீப் கிடையாது. 'ஜூபிடர்ஸ் ட்ராவல்ஸ்' என்று 1979-ல் புத்தகம் எழுதினார். அவர் வண்டியைத் தொடரில் வந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால், எருமைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி.

சரி, பரீட்சைக்கு விடை.

முதலில் என்ஜினை அணைக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இடப்பக்க சைடு ஸ்டாண்டை இப்போதே நீட்டி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். கியரில் போட்டு வைத்தால் உருளாது. ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஆமாம், முதுகை. பின்புறம் சீட்டில் அழுந்த, ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்னால் கம்பியில். முதுகை வளைக்காமல், தொடை பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். மெலிந்த உடம்புக்காரர்களும் இப்படித் தூக்கிவிடுகிறார்கள். விஷயம் புஜத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.

ஆஃப்-ரோடு பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாள் காலையிலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள். விழப்போவது நிச்சயம், ஆகவே எழுப்புவதிலிருந்து ஆரம்பிப்போம் என்கிற பாடத்திட்டம். அப்புறம் ஃபுட்ரெஸ்ட்டில் நின்றுகொண்டே ஓட்டுவது. ரோட்டில் நின்று ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். இங்கே உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்பு பிடிக்கும். நின்றால் முழங்கால் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், வண்டி கீழே தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளும். அப்புறம் நடக்கிற வேகத்தில் வட்டமடிப்பது: வண்டி உள்பக்கம் சாய, உடம்பு வெளிப்பக்கம் சாய, ஒரு விரல் கிளட்ச்சில். அதைவிடக் கஷ்டம், பார்வை. பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சொல்வது சுலபம், பயந்தவனின் கண் பயத்தையேதான் பார்க்கும்.

மேட்டில் ஏறும்போது நடுவழியில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தனிப் பாடமே உண்டு. நம் கை உடனே கிளட்ச்சைப் பிடிக்கும். பிடித்தீர்களோ, போச்சு, இருநூற்றைம்பது கிலோவும் பின்னோக்கி உங்களோடு உருளும். கியரிலேயே விட்டு, கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும். சரளையில் காலை ஊன்றி ஊன்றித் தள்ளுகிறவர்களுக்கு இன்னொரு கண்டம்: பின்னால் வருகிற அலுமினியப் பெட்டி கெண்டைக்காலில் இடித்து, கால் அதன் அடியில் மாட்டும். கணுக்கால் போகும்.

யூவனும் சார்லியும் இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் போனார்கள். வேல்ஸ் மலைப்பகுதியில் சைமன் பேவி என்கிற டக்கார் பந்தய வீரர் பயிற்சி கொடுத்தார். ஆனால் தொடரில் அது எவ்வளவு நேரம் வருகிறது? நாலு சேற்றுக் காட்சி, இரண்டு தொபுக்கடீர், ஒரு சிரிப்பு, பின்னணியில் ராக் இசை. உடனே மேப்புக்குத் தாவிவிடுகிறார்கள். விசா, ஸ்பான்சர், சாமான் அடுக்குவது என்று ஆபீஸ் காட்சிகளுக்கு இருக்கிற பொறுமை இதற்கு இல்லை. விளைவு என்ன? பார்க்கிறவர் மனசில் 'வண்டி இருந்தால் போதும், மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதிகிறது.

இதில் எனக்குப் பிடித்த ஆசாமி யூவனும் இல்லை, சார்லியும் இல்லை. கிளாடியோ வான் பிளான்டா. கேமராமேன், ஸ்விட்சர்லாந்துக்காரர். கிளம்புகிற நேரத்தில் பைக் லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயிலாகி, மறுபடி பாஸ் பண்ணிச் சேர்ந்துகொண்டவர். ஹீரோக்கள் ஓட்டிய அதே பாரமான வண்டியை, கேமராவையும் சுமந்துகொண்டு ஓட்டினார். ஹீரோ விழுந்தால் கிளாடியோ படம் எடுப்பார். கிளாடியோ விழுந்தால் யார் எடுப்பது? அவர் விழுந்ததில் பாதி தொடரிலேயே வந்திருக்காது.

மங்கோலியாவுக்கு வருவோம். தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மழை, ரோடு என்ற பெயரில் பத்துப் பதினைந்து சக்கரத் தடங்கள், முழங்கால் சேறு. நூறு அடிக்கு ஒருமுறை வண்டி சாய்கிறது. திரும்பி ரஷ்யாவுக்கே போய்விடலாமா என்று பேச்சு வருகிறது. இந்தக் களேபரத்தில் கிளாடியோவின் ஜி.எஸ்.ஸில் ஃப்ரேம் முறிகிறது. வேறு வழியில்லாமல் அங்கேயே ஒரு வண்டி வாங்குகிறார்கள். ரஷ்யத் தயாரிப்பான 'இஷ் பிளானெட்டா 5'. சிவப்புக் கலர். ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 350 சி.சி. அந்தக் காலத்து யெஸ்டியைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரியும். 'ரெட் டெவில்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சிவப்புப் பிசாசு அதே சேற்றில் போகிறது!

எடை, ஜி.எஸ்.ஸில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். விழுந்தால் ஒற்றை ஆள் சிரித்துக்கொண்டே நிமிர்த்தலாம். மக்கர் பண்ணாத வண்டி என்று நான் சொல்லவரவில்லை, டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய பிடிவாதங்கள் எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் அந்த ஊருக்குத் தெரிந்த வண்டி. ஏ.பி.எஸ். கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்க மங்கோலியப் புல்வெளியில் ஆள் கிடையாது. பிளக்கைக் கழற்றித் துடைக்க எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனியின் பெருமையெல்லாம் மூச்சு வாங்கும்போது, இந்த ஓட்டை வண்டி படபடவென்று புகைவிட்டுக்கொண்டு போவதைப் பாருங்கள். தொடரின் மிக நல்ல விமரிசனத்தைத் தொடரே எழுதிவிட்டது. எடுத்தவர்கள்தான் அதை ஒரு நகைச்சுவைக் காட்சியாக மட்டும் நினைத்து நகர்ந்துவிட்டார்கள்.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரிக்காவிட்டால் தூக்கம் வராது. 'இரண்டு நண்பர்கள், இரண்டு பைக்' என்கிற கதையின் பற்றுப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது? பின்னால் வருகிற இரண்டு வண்டிகள், அதில் தயாரிப்பாளர்கள், டாக்டர், உதிரி பாகம். எல்லைகளில் காரியம் முடித்துத் தர ஆட்கள். சைபீரியாவில் ஆறு பெருகி ஓடும்போது பைக்கையே தூக்கிப் போட்டுக்கொண்டு கடக்கிற ராட்சச லாரிகள். தப்பில்லை. அந்த லாரி இல்லாவிட்டால் ஆளே தேறியிருக்கமாட்டார்கள். தொடரும் இதை ஒளிக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டு வண்டி வாங்கப் போகிறவர் வரவுப் பக்கத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்.

அவ்வளவு சேற்றையும் ஆற்றையும் தாண்டிவந்த யூவனை இடித்தது எது தெரியுமா? கனடாவில், கால்கரி பக்கம், வழவழ ரோட்டில், பின்னால் வந்த ஒரு கார்.

இந்தக் கோஷ்டியின் மிக நல்ல படைப்பு எது என்று கேட்டால், அதிகம் பேசப்படாத 'ரேஸ் டு டக்கார்' என்பேன். 2006-ல் வந்தது. யூவன் கிடையாது. சார்லி, தன் குரு சைமன் பேவியோடு லிஸ்பனிலிருந்து டக்கார் வரை பந்தயத்தில் இறங்குகிறார். இதில் பயிற்சிதான் கதை. பாலைவன மணலில் ஆக்ஸிலேட்டரை விடக் கூடாது, எடையைப் பின்னால் தள்ள வேண்டும், விட்டால் முன்சக்கரம் புதையும் என்பதையெல்லாம் ஒரு மனுஷன் தன் வயதோடு போராடிக் கற்பதைக் கூடவே இருந்து பார்க்கிறோம். ஐந்தாம் நாள் சார்லியின் இரண்டு கையும் முறிந்து பந்தயத்திலிருந்து வெளியேறுகிறார். சைமன் பேவி முடிக்கிறார். அந்த வருஷப் பந்தயத்திலேயே ஆண்டி கால்டெகாட் என்கிற ஆஸ்திரேலிய வீரர் செத்துப்போனார். ஹீரோ பாதியில் விழுந்து, வாத்தியார் கோட்டைத் தொடுகிற தொடரை எத்தனை பேர் எடுப்பார்கள்?

2007-ன் 'லாங் வே டவுன்' ஆப்பிரிக்காவை ஓட்டமாக ஓடிக் கடந்தது. 2020-ன் 'லாங் வே அப்' மின்சார பைக்குகளில். பாதி நேரம் பிளக் பாயின்ட்டைத் தேடுகிறார்கள். இடையில் 2016-ல் போர்ச்சுகலில் ஒரு விபத்தில் சார்லியின் இரண்டு கால்களும் முறிந்தன. உடம்புக்குள் உலோகத்தோடுதான் அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். 2025-ல் 'லாங் வே ஹோம்'. எழுபதுகளின் பழைய வண்டிகளில், நிதானமாக. வயசானால் இறங்கிவருகிறது போலிருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. பி.எம்.டபிள்யூ.வின் ஜி 310 ஜி.எஸ்., 2018-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, நம்ம ஓசூரில் டி.வி.எஸ். ஃபாக்டரியிலிருந்துதான் வந்தது. எடை சுமார் 170 கிலோ. கிட்டத்தட்ட சிவப்புப் பிசாசின் எடை! 2016-ல் சென்னையிலிருந்து ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. இன்னொரு பக்கம் 1300 சி.சி. ஜி.எஸ்., 2024-ல் இங்கே அறிமுகமானபோது கடை விலையே 21 லட்சத்தைத் தொட்டது. அதை வாங்கி, மேலே இரண்டு லட்சத்துக்குப் பெட்டியும் விளக்கும் மாட்டுகிறவர்கள், இரண்டு நாள் பயிற்சிக்குக் காசு என்றதும் பேரம் பேசுகிறார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதற்குத் தலைப்பு கிடையாது.

'லாங் வே ரவுண்ட்' கிடைத்தால் பாருங்கள். முதல் பகுதியில் வேல்ஸ் காட்சி வரும்போது மட்டும் காபி போட எழுந்து போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும்.