மூன்றாம் சுற்று

எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலும் ஏடா மொழி ஓடுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பிஏ-ரிஸ்க், ஆல்ஃபா, எம்68கே, எஸ்எச்4 என்று யாராவது ஆரம்பித்தால்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஆள்தான்: ராபர்ட் டூவர். மொழியை வடிவமைத்த ழான் இஷ்பியாவைக் கொண்டாடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, கொண்டாடட்டும். ஆனால் புது மெஷினில் ஒரு மொழியைக் குடியேற்றுவது தனிக் கலை. டூவருக்கு அது ஏடாவுக்கு முன்பே கைவந்திருந்தது. அந்தோனி மக்கேனோடு சேர்ந்து ஸ்னோபால் மொழிக்கான ஸ்பிட்பால் கம்பைலரை மினிமல் என்ற கற்பனை மெஷினின் அசெம்ப்ளியில் எழுதி, அங்கிருந்து ஒவ்வொரு நிஜ மெஷினுக்கும் பெயர்த்து நட்டவர். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவர் குழு செய்த ஏடா/எட், 1983 ஏப்ரலில் முதல் வேலிடேஷனை, அதாவது மொழித் தரத்துக்கு ஒத்துப்போகிறது என்ற சான்றை, வாங்கியது. செட்எல்லில் எழுதிய இன்டர்ப்ரெட்டர். வாக்ஸில் அது நகர்ந்த வேகத்தைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்னும் உண்டு. அதை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பச் சொன்னது யார்?

அதற்கப்புறம் டூவர் குழு கொண்டுவந்த, ஜிசிசி-யோடு சேர்ந்த க்னாட் கம்பைலரில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் சிஸ்டம் பேக்கேஜ். டார்கெட்டுக்கு ஒரு ஃபைல். முதலில் வழக்கமான சமாசாரங்கள்: ஸ்டோரேஜ் யூனிட் 8, வேர்ட் சைஸ், பிட் வரிசை. பிஏ-ரிஸ்க் ஃபைலில் பிட் வரிசைக்கு நேரே ஹை ஆர்டர் ஃபர்ஸ்ட் என்று இருக்கும். ருசியெல்லாம் கீழே, பிரைவேட் பகுதியில் வரும் ட்ரூ, ஃபால்ஸ் வரிசையில்தான். டீநார்ம் எண்களைச் சமாளிப்பாயா? பூஜ்யத்துக்குக் குறி உண்டா? ஓவர்ஃப்ளோவை பேக்எண்ட் கவனித்துக்கொள்ளுமா? பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஆல்ஃபாவிடம் டீநார்ம் கேள்வியைக் கேட்டால் தர்மசங்கடம். ட்ராப் அடித்து சாஃப்ட்வேரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது தேறும். மொத்தம் சில பக்கம். ஒரு மெஷினின் ஜாதகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

டூவர் மேல் பொதுவாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. க்னாட்டின் முன்பாதி ஏடாவிலேயே எழுதியது. ஏடா கம்பைலரைக் கட்ட ஏடா கம்பைலர் வேண்டும். ஏடா இல்லாத மெஷினில் எங்கே போவது? வேறு மெஷினில் க்ராஸ் கம்பைல் செய்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஏடாமேஜிக் கம்பைலர்போல சி-யாக மாற்றித் தள்ளிவிட்டால் எங்கும் ஓடுமே என்பது எதிர்க்கட்சி. ஓடும். அதில் பிழைப்பும் நடக்கும். ஆனாலும் தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்ளாத போர்ட்டை நான் போர்ட் என்று ஒப்புவதில்லை. (2 கேபி ராம் உள்ள ஏவிஆர் சில்லுக்கு மட்டும் விலக்கு. பாவம், அது எங்கே போகும்?)

இந்தப் பிடிவாதத்தை என்னிடம் வளர்த்தது 64 எம்பி போட்ட ஓர் எச்பி 712, பிஏ-ரிஸ்க் மெஷின். ரெடிமேட் பைனரி கிடைத்தும் வேண்டாம் என்று க்னாட்டை முதலிலிருந்து கட்டினேன். ஜிசிசி மூன்று சுற்று ஓடும்: பழைய கம்பைலர் புதியதைக் கட்டும், புதியது தன்னை ஒருமுறை கட்டிக்கொள்ளும், அப்படிப் பிறந்தது இன்னொரு முறை. ஏடா மேனுவலின் மூன்றாம் அத்தியாயத்துக்கான செமான்டிக்ஸ் ஃபைல், செம் சிஎச்3, வரும்போதெல்லாம் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. ஸ்வாப் கரகரவென்று அரைக்கும். நாலாம் நாள் மூன்றாம் சுற்று முடிந்து, இரண்டாவதன் ஆப்ஜெக்ட் ஃபைல்களோடு பைட் பைட்டாக ஒப்பிட்டு, ‘கம்பாரிசன் சக்சஸ்ஃபுல்’ என்று ஒரே ஒரு வரி வந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

இப்போது ‘சப்போர்ட்’ என்ற சொல்லுக்கு மரியாதையே இல்லை. க்ராஸ் கம்பைலரில் ஒரு ஹலோ வேர்ல்ட் ஓடினால் பட்டியலில் பெயர் ஏறிவிடுகிறது. ஒரு காலத்தில் ஏடா என்ற பெயரே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ட்ரேட்மார்க். வேலிடேஷன் தேறாத கம்பைலர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 1987-இல் அந்த ட்ரேட்மார்க்கைக் கைவிட்டார்கள். எந்த ஹோஸ்ட், எந்த டார்கெட் என்று வேலிடேஷன் சான்றிதழில் மெஷின் பெயர் இருக்கும். அதிகாரத் தொல்லை என்று அன்று முணுமுணுத்தவர்கள் இன்று அந்தச் சான்றிதழைத் தேடுகிறார்கள்.

712-இல் ஏகாட்ஸ் என்ற ஏடா கம்பைலர் சோதனைத் தொகுப்பையும் ஓட்டினேன். சி3, சி4 எல்லாம் மளமளவென்று பாஸ்ட். டாஸ்கிங் அத்தியாயமான சி9-இல் மட்டும் சில உதைத்தன. கம்பைலர் பேரில் தப்பில்லை. சோதனை எதிர்பார்த்த நேரத்துக்குள் அந்த மெஷினால் டாஸ்க் மாற முடியவில்லை. இதற்கென்றே இம்ப்டெஃப் என்று ஒரு பேக்கேஜ், அதில் ‘ஒன் செகண்ட்’ என்று ஒரு கான்ஸ்டன்ட். மெஷினுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். என் 712-க்கு ஒரு செகண்ட் என்பது மூன்று செகண்ட் என்று எழுதிக் கொடுத்தேன். தேறிவிட்டது.